காற்று வரும் சத்தம்

“பேசாதம்மா, ரோலிங். ஒரு நிமிஷம் அப்படியே நில்லு” என்று சொல்லிவிட்டுப் பேச்சுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். தப்பித்தாயிற்று. அறுபது விநாடிக்குத் தப்பித்தாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால், சுகிர்தா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திரையில் பதிவின் விநாடிகள் சிவப்பு எண்களில் ஓடுகின்றன, மூன்று, நான்கு. டப்பிங்கில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை, இது என் பழக்கம். வசனமெல்லாம் பேசி முடித்த பிறகு ஆர்ட்டிஸ்டை மைக் முன்னாலேயே நிறுத்தி, ஒரு நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லி, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வேன். வசனத்துக்கு நடுவே வரும் மூச்சை வெட்டி எடுப்பது என் வேலை. வெட்டிய இடத்தை ஓட்டையாக விட முடியாது, காது கண்டுபிடித்துவிடும், அதனால் அங்கெல்லாம் இந்த வெறும் சத்தத்தைத் துண்டு துண்டாக ஒட்டுவேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் மூச்சை வெட்டித்தான் சோறு தின்கிறேன். ‘தயாளன் ரூம்ல போட்டா சுத்தமா இருக்கும்’ என்று ஆற்காடு ரோட்டு ஸ்டுடியோக்களில் பெயர். சுத்தம்.

அவள் கேட்டது பெரிய கேள்வியே இல்லை. ஹெட்போனைக் கழற்றி, தலையைச் சாய்த்துக் கேட்டு, “சார், ம்ம்ம்னு ஒரு சத்தம் வருதே, என்னது அது? உங்க ரூம்ல கொசு பறந்தாக்கூட கேக்கும்னு அம்மா சொல்லுவாங்க” என்றாள். வெளிக் காற்றை உள்ளே தள்ளும் ஃபேன் மாடியில் ஓடுகிறது, அந்தச் சத்தம்தான் என்றேன். யாரும் சொல்வதுதான். “அப்போ அம்மா வந்தப்ப அது ஓடலையா சார்?” என்றாள். உடனே ரோலிங் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். அடைப்பது எனக்குப் புதிதா என்ன. அம்மாவின் காது அப்படியே இவளுக்கு. குரலும் அப்படியே, அதனால்தான் வந்திருக்கிறாள். மூன்று வருஷம் முடங்கிக் கிடந்த படத்தை இப்போது யாரோ வாங்கியிருக்கிறார்கள், நாலு வசனத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நாலும் இவள் அம்மா மணிக்கா பேசிய பாத்திரத்தின் வசனம். மணிக்கா இப்போது உயிரோடு இல்லை. ராஜாமணி என்றால் யாருக்கும் தெரியாது, ‘அழுகை மணி’ என்றால் இந்த வட்டாரத்தில் எல்லா ஸ்டுடியோவுக்கும் தெரியும். சாவு வீட்டுக் காட்சி என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பெண் முதல் டேக்கிலேயே நாலு வசனத்தையும் பேசி முடித்தாள், மூன்றாவது வசனத்தில் மணிக்காவே வந்து நிற்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு. அசையாமல் நிற்கிறாள். அம்மா பழக்கியிருக்கிறார், கட் சொல்லும்வரை புடவை நுனிகூட அசையக் கூடாது என்று.

காலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். இப்போது யார் போடுகிறார்கள்? மைக் முன்னால் வந்த பிறகுதான் கழற்றி வசனத் தாள் வைக்கும் ஸ்டாண்டில் மாட்டினாள். அதற்கு முன்னால் டீ வந்தது, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு இரண்டு வாய் குடித்தாள், அப்போது சொன்னாள், நான் கேட்காமலே சொன்னாள். “நான்தான் சார் அம்மாவுக்குக் கொரோனாவைக் கொண்டுபோய்க் குடுத்தேன். மெடிக்கல் ஷாப்ல பில் போட்டுட்டிருந்தேன்ல, நாள் பூரா இருமறவங்கதான் வருவாங்க. தினம் குளிச்சுட்டுதான் அம்மாகிட்டயே போவேன். ஒரே ஒரு நாள், பசி, அப்படியே உக்காந்து சாப்ட்டேன். அந்த ஒரு நாள்தான் சார்.” பிறகு சிரித்த மாதிரி ஒன்று செய்தாள். “இன்னமும் அம்மா போட்டோவுக்கு வெளக்கேத்தறப்ப மாஸ்க் போட்டுக்குவேன். பைத்தியக்காரத்தனம்தான். கழட்டக் கை வரல.” நான் என்ன சொன்னேன்? ‘டீ ஆறுதும்மா, குடி’ என்றேன். ஒரு மனுஷன் அதற்கு மேல் கேவலமாக ஒரு வாக்கியம் பேச முடியுமா? டீ ஆறுகிறதாம். என் பாவத்தை இந்தப் பெண் மூன்று வருஷமாகத் தன் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறாள், நான் அவளுக்கு டீ சூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபேன் ஓடியது. அன்றைக்கும் ஓடியது. ஓடவில்லை என்றுகூடச் சொல்லி இப்போது தப்பிக்கலாம், கரண்ட் இல்லை, ரிப்பேர், ஏதாவது. ஓடியது, ஆனால் காற்று வரவில்லை. மேலே, அந்த மூலையில், கூரையை ஒட்டிச் சதுரமாக ஒரு கம்பி வலை ஜாலி, அதற்குப் பின்னால் குழாய், குழாயின் வாயில் நான் ஒரு தலையணையை அடைத்து வைத்திருந்தேன். கொரோனாவெல்லாம் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் செய்தது. மாடியில் குழாய்க்குத் தகரத் தொப்பி, மழைத் துளி விழுந்தால் டக் டக்கென்று நேராக மைக்கில் வந்து விழும். ஒரு குழந்தை பேசும் காட்சி, ஐந்து வயசு, அதன் குரல் மேல் டக் டக். கோபத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜாலியைக் கழற்றி, கைக்குக் கிடைத்த தலையணையைத் திணித்தேன். மழைச் சத்தம் போயிற்று, அதோடு அந்த ம்ம்ம் என்ற சத்தமும் போயிற்று. இறங்கி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த ஒன்றுமில்லாததைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எடுப்பேனா அதை? மழைக்காலம் போன பிறகும் எடுக்கவில்லை. சண்டைக் காட்சிக்கு முக்கி முனகுகிறவர்கள் குத்துவதற்காக வைத்திருந்த தலையணை அது. அழும்போது மணிக்கா அதைக் கட்டிக்கொள்வார், நெஞ்சோடு அழுத்திக்கொண்டால்தான் அழுகை வயிற்றிலிருந்து வரும் என்பார். உறை கிழிந்துபோனபோது வீட்டிலிருந்து நீலக் கட்டம் போட்ட துணியில் ஒரு உறை தைத்துக்கொண்டு வந்து அவரே மாட்டினார். பெண்ணின் பழைய யூனிஃபார்ம் தம்பி, கெட்டித் துணி, வீணாய்ப் போகிறதே என்று தைத்தேன் என்றார். இருபத்தாறு, இருபத்தேழு.

எனக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை முதலாளி பூஜை போட்டு அறைக்குள் ஊதுபத்தி காட்டுவார். அந்த வாசனை சனிக்கிழமையும் இருக்கும், திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தாலும் இருக்கும். “உன் ரூமுக்குள்ள வந்தாலே கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்கு தம்பி” என்பார் மணிக்கா, எனக்குப் பெருமையாக இருக்கும். புகை போக வழியில்லாமல் மூன்று நாள் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது என்று ஒரு நாளாவது தோன்றியதா? சத்தத்தைத் தவிர வேறெதற்கும் எனக்குக் காது இல்லை. லாக்டவுன் முடிந்து ஸ்டுடியோ திறந்தபோது முதலாளி ஒரு படிவம் கொடுத்தார், நிரப்பி ஒட்ட வேண்டும் என்று. கிருமிநாசினி உண்டா, ஆம். காய்ச்சல் பார்க்கும் கருவி உண்டா, ஆம். புதுக் காற்று வசதி உண்டா? அந்த இடத்தில் பேனா நின்றது. அதுதான், அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து மாட்டிக்கொள்கிறேன். மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளலாம், மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டும் பார்த்தேன். பேனா நின்றது. தலையணை ஞாபகம் வந்தது. குழாய் இருக்கிறதே, இல்லையா என்ன என்று நினைத்துக்கொண்டு ஆம் என்று டிக் போட்டேன். ஒரு விநாடி வேலை. ஸ்டூலைப் போட்டு ஏறி எடுக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

மற்றதையெல்லாம் வெறி பிடித்தவன் மாதிரி செய்தேன். ஒவ்வொருவர் பேசியதும் மைக் உறையை மாற்றினேன், ஸ்டாண்டைத் துடைத்தேன், கதவுக் கைப்பிடியைத் துடைத்தேன், தரையில் மஞ்சள் டேப்பில் ஆறடிக்கு ஒரு வட்டம் ஒட்டினேன். அன்றைக்கு எட்டு பேர், சாவு வீட்டுக் கூட்டம், ஒப்பாரி. மணிக்கா நடுவில், மற்றவர்கள் சுற்றி. வேதகிரி என்று ஒருவர், கூட்டத்தில் ‘ஐயோ’ என்று ஆண் குரல் கொடுப்பவர், தள்ளிக் கடைசி வட்டத்தில் நின்றார். நடுநடுவே தொண்டையைச் செருமினார். “பனி சார், ஒண்ணுமில்ல” என்றார். கருவியை நெற்றியில் வைத்துப் பார்த்தேன், தொண்ணூற்றேழு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மனுஷன் மூச்சு விட்டார், அவ்வளவுதான். நாலு மணி நேரம். மாஸ்க் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைக்க முடியுமா? எட்டு வாயும் திறந்து அடிவயிற்றிலிருந்து கத்தின. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து “இன்னொன்னு போலாம்க்கா” என்றேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குறை, யாரோ தாளைப் புரட்டினார்கள், யாருக்கோ வளையல். ஐந்தாவது டேக் முடிந்ததும் மணிக்கா மைக்குக்குப் பக்கத்தில் வந்து கேட்டார். “தம்பி, உள்ள மூச்சு முட்டுது, கதவக் கொஞ்சம் திறந்து வையேன்.” “வெளிய ஆட்டோ சத்தம்க்கா, ரெண்டு டேக்ல முடிச்சிடலாம்.” “அந்தத் தலகாணியாவது குடு, எங்க அது?” “கிழிஞ்சு போச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டாங்க.” சொல்லும்போது ஜாலியை ஒரு பார்வை பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரெண்டு டேக் இல்லை, இன்னும் ஆறு எடுத்தேன். எல்லாம் முடிந்ததும் எட்டு பேரையும் நிறுத்தி, பேசாமல், அசையாமல், ஒரு நிமிஷம் அந்தக் காற்றிலேயே நிற்கவும் வைத்தேன். என் பழக்கத்துக்காக.

முப்பத்தெட்டு. அந்த நிமிடம் இன்னும் என்னிடம் இருக்கிறது, நேற்று மத்தியானம் போட்டுக் கேட்டேன். நாற்பத்தோராவது விநாடியில் மணிக்கா எச்சில் விழுங்குகிறார், மைக்குக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்றவர் அவர். வேறு எதுவும் இல்லை, ஃபேன் இல்லை, தெரு இல்லை, அப்படி ஒரு அமைதி. ஐந்தாம் நாளிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்தது. எட்டில் ஆறு பேருக்குக் காய்ச்சல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் டைரக்டருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? அந்த வாரமே தெரிந்துவிட்டது. மணிக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் நானே கூப்பிட்டேன். “தம்பி… எனக்கு… ஒண்ணுமில்ல… நீ… மாத்திரை… போட்டுக்கோ” என்றார். நடுவில் இருந்த மூச்சுகளை எந்தெந்த இடத்தில் வெட்டலாம் என்று என் காது பாட்டுக்குக் குறித்துக்கொண்டே போனது. சத்தியமாக நான் குறிக்கச் சொல்லவில்லை. பதினேழாம் நாள் போய்விட்டார். அடக்கத்துக்கு யாரையும் விடவில்லை, எல்லாச் சாவுக்கும் அழுதவருக்கு அழ ஆளில்லை. அப்புறமும் அந்தத் தலையணையை எடுத்தேனா? இல்லை. எடுத்தால் அது அங்கே இருந்தது என்று ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு மேல் அண்ணாந்து பார்க்காமலே இந்த அறையில் வேலை செய்தேன், யார் யாரையோ உள்ளே அனுப்பினேன், கதவை மூடினேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏசி சர்வீஸுக்கு வந்த ரஃபீக் பாய்தான் ஏறிப் பார்த்துவிட்டு இழுத்து எடுத்தார். “என்னா சார் இது, ரூமுக்கு மூக்கை அடைச்சு வச்சிருக்கீங்க? ஏசி புதுக் காத்தா கொண்டாருது? உள்ள இருக்கறதத்தான் சுத்திச் சுத்திக் குளிர வைக்கும்” என்றார். அன்றைக்குப் படித்தேன், அதற்கு மேல் படிக்காமல் இருக்க முடியவில்லை. பேசும்போது தெறிக்கிற பெரிய துளிகள் காலடியிலேயே விழுந்துவிடுமாம். நான் துடைத்ததெல்லாம் அவற்றைத்தான். கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகள் விழாது, ஏசியின் வறண்ட குளிரில் ஈரம் காய்ந்து இன்னும் லேசாகி மணிக்கணக்கில் மிதக்குமாம், சும்மா மூச்சு விடுவதைவிடக் கத்தினால் பல மடங்கு வருமாம், போக வழியிருந்தால் போய்விடுமாம். போக வழியிருந்தால். இப்போது ஸ்டாண்டுக்கு மேலே எரியும் சின்ன விளக்கின் வெளிச்சத்தில் தூசி தெரிகிறது, எல்லாம் ஒரே பக்கமாக, கதவோரத்து இடுக்கை நோக்கி நகர்கின்றன. ஒப்பாரி எடுத்த அன்றைக்கு அவை அந்தரத்தில் நின்றன. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஐம்பத்தொன்பது. அறுபது. கட் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை, எண்கள் தாண்டிப் போகின்றன. அவள் அசையவில்லை. சொன்னால் என்ன ஆகும், இந்த அறை போகும், பெயர் போகும், போகட்டும், அதுவா பயம்? இல்லை. மணிக்காவின் முகத்தோடு ஒருத்தி என்னைப் பார்ப்பாள், அதுதான். ஒரு நிமிடம் இருபது விநாடி. சுகிர்தா புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினாள், முடிந்ததா என்று. பொத்தானை அழுத்தினேன்.

“நீ கேட்டியேம்மா, ஃபேன். அது ஓடிட்டுதான் இருந்துச்சு” என்றேன். “காத்து வர்ற ஓட்டையை நான் அடைச்சு வச்சிருந்தேன்.” அவளுக்குப் புரியவில்லை. மேஜைக்குக் கீழே, ஒயர்ப் பெட்டிக்குப் பின்னால், எட்டு மாதமாகத் தூக்கிப் போட முடியாமல் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, கனமான கதவைத் தள்ளி உள்ளே போனேன். ஒரு பக்கம் ஆற்காடு ரோட்டுப் புழுதி அப்பிக் கரியாக இருந்தது, அறையைப் பார்த்திருந்த பக்கம் நீலக் கட்டம் வெளுக்காமல் அப்படியே இருந்தது. வாங்கிப் பார்த்தாள். “இது என் எட்டாங்கிளாஸ் யூனிஃபார்ம் சார்” என்றாள்.

சொன்னேன். நாலு மணி நேரம், பதினொரு டேக், கதவைத் திறக்கச் சொன்னது, திறக்காதது, டிக் போட்டது, எல்லாம். “இந்த ரூம்ல நின்ன எட்டு பேர்ல ஆறு பேருக்கு ஒரே வாரத்துல வந்துச்சும்மா. மத்த அஞ்சு பேரும் உன் கடைக்கு வரல, உன் வீட்டுல வந்து சாப்பிடல. உங்கம்மாவுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சுதான் உனக்கே காய்ச்சல் வந்துச்சுன்னு அப்பவே கேள்விப்பட்டேன்.”

“அப்போ நான் இல்லையா சார்?”

“நீ இல்லம்மா. நான்தான்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள், கரி அவள் சுடிதாரில் ஒட்டியது. “எப்பத்துலருந்து தெரியும்?” என்றாள். எட்டு மாதத்துக்கு முன்னால் பாய் வந்தபோது என்று சொல்ல வாயெடுத்தேன். “அந்த வாரமே தெரியும்” என்றேன். “காலைல டீ குடிக்கறப்பகூட நீங்க சொல்லல” என்றாள். தலையைச் சாய்த்து அந்த ம்ம்ம் சத்தத்தைக் கேட்டாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, தலையணையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஸ்டாண்டில் அவள் மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், எதற்கு ஓடினேன் என்று தெரியாது, மன்னிப்புக் கேட்கக்கூட வாய் இல்லாதவன் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. மாடிப்படி முனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். மாஸ்க்கை நீட்டினேன்.

“இனிமே அது எனக்கு எதுக்கு சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.